உன் காட்டு ராஜ்ஜியத்தை நான் கெடுத்த விதம்

அன்பு மகள் வாலுவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், சாப்பிடவில்லையென்றால் இதை மடித்து வைத்துவிட்டு முதலில் சாப்பிட்டு வா, பசியோடு படித்தால் உனக்குக் கோபம் இரண்டு மடங்காக வரும். போன மாதம் போனில், இந்த வருஷமும் லீவு கிடைக்காது போலிருக்கும்மா என்று சொன்னாய், நானும் சரிம்மா என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு கை சும்மா இருக்கவில்லை. உன் அறையைத் தூசி தட்டப் போனேன், மேசையைத் துடைத்தேன், கம்ப்யூட்டரைத் துடைத்தேன், எந்தப் பொத்தான் அமுங்கியதோ தெரியாது, அது விழித்துக்கொண்டது. நீ மூன்று வருஷத்துக்கு முன்னால் பாதியில் விட்டுப்போன சண்டை விளையாட்டு, அந்தத் தாடிக்காரக் காட்டுமிராண்டிக் கூட்டம், அப்படியே திரையில் நின்று என்னைப் பார்த்தது. கதவைச் சாத்திக்கொண்டு அத்தனை வருஷம் இவர்களோடுதானே கத்திக்கொண்டிருந்தாய், என்னதான் இருக்கிறது பார்ப்போமே என்று உட்கார்ந்துவிட்டேன்.

இழுப்பறையில் உன் நோட்டும் இருந்தது. மூன்று மாகாணம் போதும், நாலாவதைப் பிடிக்காதே என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தாய். வயலை நம்பாதே, காட்டுக்கூட்டத்துக்கு வருமானம் கொள்ளையில்தான் என்று அடுத்த வரி. கிராமத்தைப் பெரிதாக விடாதே, பெரிதானால் கலகம் பண்ணும் என்று அதற்கும் கீழே. எனக்கு வந்ததே ஒரு கோபம். நான் பெற்ற பெண்ணா இப்படி எழுதினாள்? இருபத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தை மேற்பார்வை பார்த்தவள் நான், பதினொரு வார்டுக்குப் படுக்கை விரிப்பு ஒருநாள் குறைந்ததில்லை, என்னால் காட்டுக்குள் ஏழெட்டுக் கிராமத்தைக் கட்டி மேய்க்க முடியாதா என்று வீம்பு வந்துவிட்டது. நோட்டை மூடி வைத்தேன். நாலே நாளில் மூன்று மாகாணத்தை ஏழாக்கினேன், எல்லாக் கிராமத்திலும் வயல் வெட்டினேன், கிணறு தோண்டினேன், வரியைப் பாதியாகக் குறைத்தேன். ஜனங்கள் முகத்தில் ஒரே சிரிப்பு. உன் அப்பா லாரி எடைமேடை வேலைக்குப் போய்வந்த உடுப்பைக்கூட மாற்றாமல் பின்னாலேயே நின்று, பிரமாதம், நீ முன்னாடியே ராஜாங்கம் பண்ணியிருக்கலாம் என்றார்.

படையை எப்படி வைத்தேன் என்று கேள். எங்கள் சலவைக்கூடத்துக் கணக்கு உனக்குத் தெரியும், ஒரு கட்டிலுக்கு மூன்று விரிப்பு, ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். அதையே இங்கேயும் போட்டேன். எல்லையில் ஒரு பங்கு, இளைப்பாற ஊருக்கு நடந்து வருவது ஒரு பங்கு, கிராமத்தில் மடித்து வைத்ததுபோல் ஒரு பங்கு. ஆக எந்த நேரம் பார்த்தாலும் மூன்றில் இரண்டு பங்குப் பேர் நடந்துகொண்டோ கொட்டாவி விட்டுக்கொண்டோ இருந்தார்கள், சம்பளம் மட்டும் எல்லோருக்கும் முழுசாகப் போனது. வயல் வருமானம் யானைப் பசிக்குப் போட்ட பொரி மாதிரி எங்கே போனதென்றே தெரியவில்லை. கஜானா சிவப்பு எழுத்துக்கு மாறியது. வேறு வழியில்லாமல் பக்கத்து மதில் நகரத்தை ஒருமுறை கொள்ளையடித்தேன். அடித்துவிட்டு அன்றைக்குப் பூராவும் எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரோ பாடுபட்டுச் சேர்த்ததில்லையா? தூதுவன் என்று ஒருவனை அனுப்பலாமே, அவனிடம் எல்லாவற்றையும் கொடுத்து, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அந்தப் பாவிகள் வாங்கி வைத்துக்கொண்டு அதே பணத்தில் படை திரட்டி வந்தார்கள். ஏழு மாகாணத்தில் ஆறு போய்விட்டது. நான் வரியைக் குறைத்து வளர்த்த கிராமம் ஒன்று, நீ எழுதியபடியே, கலகம் பண்ணி எனக்கு எதிராகவே போனது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அழாத குறையாக மாடிவீட்டுப் பல் டாக்டரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு எங்கேயோ தட்டிப் பார்த்து, உங்க பொண்ணோட பழைய ஆட்டம் தனியா பத்திரமா இருக்கு ஆன்ட்டி, உங்களோடதை அழிச்சிட்டா அவங்களுக்குத் தெரியவே தெரியாது என்றார். உன் அப்பாவும், அழிச்சிடு, வாயைத் திறக்காதே, அவ வந்தா சாமியாடிடுவா என்றார். ஆக உன் மூன்று மாகாணமும் நீ விட்டபடியே இருக்கின்றன, பயப்படாதே. நான் இதைச் சொல்லியிருக்கவே வேண்டாம். ஆனாலும் என்னுடையதை அழிக்க மனசு வரவில்லை. மிச்சம் இருப்பது ஒரே ஒரு கிராமம், உள்ளே பதினெட்டுப் பேர், வெளியே பகைவர் கூடாரம். முறை முடிந்தது என்று ஓரத்தில் ஒரு பொத்தான் இருக்கிறதே, அதைத் தொட்டால் அடுத்தது பகைவர் முறை, எல்லாம் முடிந்தது. ஒன்பது நாளாகத் தொடவில்லை, கம்ப்யூட்டரை அணைக்கவும் இல்லை. அணைத்தாலும் போகாது, சேவ் பண்ணியாச்சு என்று டாக்டர் தலையில் அடித்துக்கொள்கிறார், எனக்கு நம்பிக்கை இல்லை. மூன்று நேரமும் போய்ப் பதினெட்டுப் பேரையும் எண்ணிவிட்டு வருகிறேன்.

வாலு, போனில் நான் சொன்ன சரி பொய்யடி. சரியில்லை. மூன்று வருஷமாகவே சரியில்லை. நீ வேலைப்பளுவில் இருக்கும்போது நச்சரிக்கக் கூடாதென்று ஒவ்வொரு தடவையும் சரி சரி என்று சொல்லிப் பழகிவிட்டேன். பத்து நாள் வேண்டாம், நாலு நாள் வா. வந்து பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஏம்மா நாலாவது மாகாணத்தைப் பிடிச்சே என்று வாய்க்கு வந்தபடி திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, ஈரத் தலையோடு படுக்காதே. நீ நோய் நொடியில்லாமல் நூறு வருஷம் நிறைவாக இருக்க நானும் அப்பாவும் மனசாரச் சொல்லி வாழ்த்துகிறோம். மறக்காமல் ஒன்று, டிக்கெட் எடுத்ததும் போன் செய். வரமுடியாது என்று சொல்வதற்காக மட்டும் போன் செய்யாதே, இந்தத் தடவை சரி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இப்படிக்கு,
பதினெட்டுப் பேரோடு காத்திருக்கும்
உன் அம்மா