ஆறு மாதம்தான் என்றார்கள்

ராகலை
04.03.2025

என் தங்கமகள் கோசலாவுக்கு,

அப்பா நல்ல சுகம். இது சும்மா எழுதுவதில்லை, நேற்று டாக்டரே சொன்னது. புரொஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் போய்விட்டது, ஹோர்மோன் ஊசிக்கும் கேட்கவில்லை, ஆறு மாதம்தான் என்று மூன்று வருஷத்துக்கு முன் சொன்னார்களே! பிறகு தந்த புது மாத்திரை இன்னும் வேலை செய்கிறது. ஸ்கேனில் புதிதாக ஒன்றுமில்லை. "இவ்வளவு காலம் தாங்கும்னு நாங்களே நினைக்கலங்க. குணமாயிடுச்சுன்னு சொல்லமாட்டேன். ஆனா நோய் அடங்கிக் கிடக்கு" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அம்மா ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதுவிட்டாள்.

போன் எடுத்தால் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். சித்திரைக்கு மாப்பிள்ளையோடு வா. இந்தத் தடவை சாக்குச் சொல்லாதே, கள்ளி.

உன் அப்பா
நாகலிங்கம்

கொழும்பு
11.03.2025

அன்பு அப்பாவுக்கு,

கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். சந்தோஷத்தில் அழுதேன். பிறகு வேறு அழுகை வந்தது. போனில் பேசும்போது மாமி பக்கத்திலேயே நிற்பார்.

அப்பா போய்விட்டால் ஒரு வருஷத்துக்கு வீட்டில் நல்ல காரியம் கூடாது, கண்மூடுமுன் கல்யாணத்தைப் பார்த்துவிடட்டும் என்று எல்லாரும் சொன்னீர்கள். பதினெட்டே நாளில் தாலி. கடைசி வருஷப் படிப்பை விட்டேன். அவரைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. நேரமில்லை என்றீர்கள்.

அவர் அடிப்பார், அப்பா. முதல் மாதத்திலிருந்தே. ஆறு மாதம்தானே, அப்பா நிம்மதியாகப் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஒவ்வொரு ரிப்போர்ட்டும் நல்லதாகவே வந்தது. நானும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பொறுத்தேன். நீங்கள் பிழைத்ததில் எனக்கு வருத்தம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

கோசலா

கொழும்பு, உன் வீட்டு வாசல்
15.03.2025

மகளே,

நேற்று உன் கடிதம் வந்தது. கடையில் ஆட்கள் நிற்கும்போதே உட்கார்ந்துவிட்டேன். ஆறு மாதம் என்று கேட்ட அன்றுகூட எனக்கு இப்படி இடி விழவில்லை. அவசரப்படுத்தியது நான்தான். பழியை நாள் மேலும் கோள் மேலும் போடமாட்டேன்.

பக்கத்துக் கடை லாபிர் நானாவின் வேனில் வந்திருக்கிறோம். பெண் பிள்ளை வந்தால் சந்தேகப்பட மாட்டார்கள் என்று அவர் மனைவி கமறியாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நான் மேலே வந்தால் என் கை சும்மா இருக்காது. அம்மா பின் சீட்டில் உனக்கு இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

நான் சாகப்போகிறேன் என்று கட்டவைத்த தாலி அது. நான் சாகவில்லை. கழற்றி வைத்துவிட்டு இறங்கி வா.

அப்பா