சித்தப்பா குடித்த பாட்டில்

கண்ணம்மாவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். உயிரோடு என்று ஏன் எழுதினேன் என்று பதறாதே, சொல்கிறேன்.

உன் அப்பா குப்பைக்கிடங்கு மேற்பார்வை வேலை முடிந்து வந்தவர் சும்மா இருந்தால் போதாதா, அந்த மண்ணுக்குள் ஒரு பாக்டீரியா இருக்கிறதாம், குப்பையிலிருந்து கிளம்பும் மீத்தேன் வாயுவைத் தின்று மெத்தனால் ஆக்குமாம், அதை ஊற்றி வண்டியே ஓட்டலாமாம். ஒரு வாளி மண்ணும் லாரி டியூப் நிறைய வாயுவும் கொண்டுவந்து, உப்புத்தண்ணி கலந்து பாட்டில் பாட்டிலாக அடைத்து நம் குளியலறையில் கடை பரப்பிவிட்டார். பாட்டில்களுக்குக் குளிருமாம், என் கம்பளியைச் சுற்றிவிட்டார். வாயு இருக்கிற வீட்டில் தீக்குச்சி கிழிக்கக் கூடாதாம், நான் மொட்டைமாடியில் சமைக்கிறேன், குளிக்க எதிர்வீட்டுக்குப் போகிறோம்.

இந்தக் கூத்துக்கு நடுவில் சித்தப்பாவும் சித்தியும் வந்தார்கள். மெத்தனாலும் ஒரு சாராய வகைதான் என்று அப்பா விளக்கினார், சித்தப்பா காதில் சாராயம் மட்டும்தான் விழுந்திருக்கிறது. கைகழுவப் போகிறேன் என்று போனவர் ஒரு பாட்டிலை அப்படியே கவிழ்த்துக்கொண்டு வந்து, உப்புதான் கொஞ்சம் தூக்கல் என்கிறார். அடேய் அது விஷம்டா, கண்ணே போயிடும்டா என்று அப்பா போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. ஆட்டோவில் போகும்போது கண் இருக்கிறதா என்று பார்க்க, வழியிலிருந்த கடைப் பெயர்ப் பலகையை எல்லாம் சித்தப்பா சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். திடீரென்று, ஐயோ ஒண்ணும் தெரியலையே என்று அலறினார், பார்த்தால் அந்தக் கடைக்குப் பலகையே இல்லை. சித்தி அழுகிறாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்தார்கள், பாட்டில் அடியிலிருந்ததையும் சோதித்தார்கள். மெத்தனால் ஒரு சொட்டுகூட இல்லையாம், வெறும் உப்புத்தண்ணியும் மண்ணும்தான் என்றார் டாக்டர். அந்தப் பாக்டீரியா மெத்தனாலைச் செய்த கையோடு அதையும் தின்றுவிடுமாம், பாதியில் நிறுத்தும் வித்தை அப்பாவுக்குத் தெரியவில்லை. சமைக்கிறவளே சட்டியை வழித்து நக்கிவிட்டால் பந்திக்கு என்ன வரும் சொல். கண் தப்பியதே என்று நாங்கள் கும்பிடாத சாமியில்லை, உன் அப்பா மட்டும் பெஞ்சில் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம்கூடவா இல்ல, இன்னொரு தடவை பாருங்க டாக்டர் என்று கெஞ்சுகிறார், அதுவும் சித்தி எதிரில். அன்றிலிருந்து சித்தி எங்களோடு பேசுவதில்லை. சித்தப்பாவோ கட்டிலில் படுத்தபடியே அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, விடுண்ணா, நான் அவசரப்பட்டுட்டேன், இன்னும் ஒரு வாரம் ஊறியிருந்தா வந்திருக்கும் என்கிறார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததைச் சித்தி பார்த்துவிட்டாள், அது வேறு வம்பு.

வேளைக்குச் சாப்பிடு, தலையைக் காயவிட்டுப் படு. சித்திக்கு ஒரு போன் போட்டு நைசாகப் பேசு, மறந்துவிடாதே. அந்தப் பாக்டீரியாவின் வாயைப் பாதியில் கட்டுவது எப்படி என்று அங்கே படித்தவர்கள் யாரையாவது கேட்டு எழுது, அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை. குறையில்லாமல் நல்லா இரு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா