‘க்ஷமிக்கணும்’ என்ற சொல்லைக் குற்ற ஒப்புதலாகக் கொண்டது குறித்து

அனுப்புநர்:
ம. அனகா,
சரஸ்வதிபுரம், மைசூரு.

பெறுநர்:
முதன்மை அலுவலர் அவர்கள்,
வணிகக் கடல்துறை, சென்னை.

பொருள்: முத்தங்கரைத் துறைமுகத்தில் இழுவைப் படகு நசுங்கிய விபத்து – என் அண்ணன்மீது பொறுப்பு சுமத்தியது – முறையான விசாரணை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் அண்ணன் ப்ரத்யும்ன அத்துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுபவர். விபத்தில் அவருடைய வலக்கை முறிந்துவிட்டதால், அவர் இசைவுடன் நான் எழுதுகிறேன்.

2. சென்ற மாதம் ஒரு சரக்குக் கப்பல் துறைமேடையை அணைந்தபோது, அண்ணனின் படகு அதன் பின்புறம் கயிற்றால் பிணைக்கப்பட்டு, கப்பலை வழிநடத்திய பைலட் வயர்லெஸ்ஸில் சொன்ன இடத்திலேயே நின்றது. எச்சரிக்கை ஏதுமின்றிக் கப்பல் பின்னோக்கி வந்தது. படகு கப்பலுக்கும் மேடைக்கும் நடுவில் நசுங்கியது. படகில் கயிற்றருகே நின்ற ஊழியர், கோபிநத்தம் மல்லப்பனின் கால் சிதைந்தது.

3. ஒப்பந்தப்படி இத்தகைய சேதம் கப்பல் தரப்பையே சாரும். படகை ஓட்டியவர் தவறை ஒப்புக்கொண்டால் மட்டுமே மாறும். அண்ணன் ஒப்புக்கொண்டதாகக் கப்பல் தரப்பு கூறுகிறது. அவருடைய நிறுவனமும் அதை ஏற்று, அவரது தகுதிச் சான்றிதழை ரத்து செய்யத் தங்களைக் கேட்டுள்ளது. நிறுவனம் அண்ணனுக்கு அனுப்பிய நோட்டீஸை இருமுறை படித்தும் என்னால் நம்ப முடியவில்லை. அதில் காட்டப்பட்ட ஆதாரம் ஒரே சொல்: ‘க்ஷமிக்கணும்.’

4. நாங்கள் மேலுகோட்டையைப் பூர்விகமாகக் கொண்டவர்கள். எங்கள் வீட்டில் ஒருவர் தானாக இடறி விழுந்தாலும் பக்கத்தில் இருப்பவர் ஆறுதலாக முதலில் சொல்வது, ‘மன்னிக்கணும்’ என்று பொருள்படும் இதைத்தான். மல்லப்பனை இடக்கையால் தாங்கி மேடையேற்றும்போது அண்ணன் அதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். கப்பல் முகவர் அருகில் நின்று குறித்துக்கொண்டார். “நீங்க என்னங்க பண்ணுவீங்க, கப்பலு பின்னால வந்துருச்சுங்க” என்று மல்லப்பன் சொன்னதை மட்டும் அவர் குறிக்கவில்லை. ரத்தம் வழியும் மனிதருக்குச் சொன்ன வார்த்தையை இப்படியும் எடுத்து வைத்துக்கொள்வார்கள் என்பதை என் மனம் இன்னும் ஏற்கவில்லை.

5. கப்பலைச் செலுத்தும் மேல்தள அறையில் பேசியவையும் பைலட் இட்ட உத்தரவுகளும் அதன் பதிவுக் கருவியில் உள்ளன. சில நாட்களில் பழைய பதிவு தானே அழிந்துவிடும் என்கிறார்கள். அதற்குள் அதைக் கைப்பற்றவும், மல்லப்பனிடம் நேரில் வாக்குமூலம் பெறவும், அதுவரை சான்றிதழை ரத்து செய்யாதிருக்கவும் வேண்டுகிறேன்.

விசாரணை முடியும்வரை அந்தச் சொல்லை யாரிடமும் சொல்லக் கூடாது என்று வழக்கறிஞர் கூறியுள்ளார். சென்ற ஞாயிறு மருத்துவமனைக்குப் போன அண்ணன், மல்லப்பனின் கட்டிலருகே ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார். அவர் பயமின்றி அதைச் சொல்லும் நாள் தங்கள் கையில் இருக்கிறது.

இடம்: மைசூரு
நாள்: 14.07.2025

இப்படிக்கு,
ம. அனகா