நான்கரை நிமிடக் கெட்டிமேளம்

அன்புள்ள மாணிக்கம் மச்சானுக்கு,

நேற்று மாலை குடும்பம் முழுவதும் கூடி, ஒரு மணி நேரம் விவாதித்து, ஒரு முடிவுக்கு வந்தது. உன் கேசட்டை மெஷினில் ஓட்டாமல், பென்சிலை நுழைத்துக் கையால்தான் தொடக்கத்துக்குச் சுற்றுவது. எதிர்ப்பு யாரும் தெரிவிக்கவில்லை. வீட்டில் மிஞ்சியிருப்பது அந்த ஒன்றுதான்.

உன் தங்கை மகள் கவிதாவுக்கு ஞாயிற்றுக்கிழமை சித்தியவானில் கல்யாணம். "மாமாதான் உசுரோட இல்ல, அவரு கிட்டாராவது வரட்டும்பா" என்றாள். மறுக்க முடியுமா?

எழுபதுகள் முழுக்க நம் குழுவில் பாடகர்களுக்குப் பின்னால் நின்றே வாசித்தாய். தலை நரைக்க ஆரம்பித்ததும், "இனிமே தனியாத்தான் மச்சான்" என்று சொல்லி, கமுந்திங் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, பாட்டே இல்லாத ராக் கேசட் ஒன்று போட்டாய். ஈப்போ கடைக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு பாடுறா?"

"யாரும் பாடல அண்ணே."

"அப்ப வாங்குறவன் வீட்டுக்குப் போயி அவனே பாடிக்கணுமா லா?"

கேசட் எல்லாம் கட்டிலுக்கு அடியில் போயின. திங்கட்கிழமை தொழிற்சாலைக்குப் போய்ப் பழைய வேலையையே கேட்பதாக இருந்தாய். அதற்கு முந்தின நாள்தான் கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அந்தக் கல்யாணம். நாதஸ்வரக்காரர்களின் வேன் வழியில் நின்றுவிட்டது. முகூர்த்தம் நிற்கவில்லை. "கெட்டிமேளம்!" என்று ஐயர் விரலை ஆட்ட, ஒலிபெருக்கிக்காரர் கைக்குக் கிடைத்ததைப் போட்டார். அது காலையில் நீ அவருக்குக் கொடுத்த கேசட்.

மாப்பிள்ளை மூன்று முடிச்சும் போட்டு முடித்தார். ஐயர் கையைக் காட்டினார். மேளக்காரர் என்றால் நிறுத்தியிருப்பார், நீ நிறுத்தவில்லை. மேளம் ஓயும்வரை அட்சதை போடுவது தோட்டத்து வழக்கம். நான்கரை நிமிடம் போட்டார்கள். நடுவில் அரிசி தீர்ந்து, சமையல் கொட்டகையிலிருந்து இன்னொரு கூடை வந்தது.

"அது ராக்கு லா மச்சான், நிறுத்தச் சொல்லு!" என்று என் கையைப் பிடித்து இழுத்தாய். பின்னால் இருந்த ஒரு அக்கா, "யாரு வாசிச்சதுன்னு கேளுங்க, மூச்சே விட மாட்டேங்கிறான்" என்றார். பந்தி முடிவதற்குள் உன் பையிலிருந்த கேசட் எல்லாம் போய்விட்டன. அடுத்த மாதம் ஈப்போ கடைக்காரரே வீடு தேடி வந்தார்: "அந்த அரிசிக் கேசட் இருக்கா அண்ணே?" தொழிற்சாலைக்கு நீ போகவே இல்லை.

பிறகு ஈப்போ மண்டபத்தில், உன் பெயர் மட்டும் போட்டு ஒரு நிகழ்ச்சி. முதல் வரிசையிலிருந்தே அரிசி பறந்தது. கோபப்படுவாய் என்று நினைத்தேன். கிட்டாரை ஒரு தடவை கவிழ்த்து உதறிவிட்டு, சிரித்துக்கொண்டே அடுத்ததை ஆரம்பித்தாய். உன் பக்கத்தில் பத்து வருடத்துக்கு மேல் பாஸ் கிட்டார் வாசித்தவன் நான். அந்தச் சிரிப்பை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். அதுவரை அதை எங்கே வைத்திருந்தாய், மச்சான்?

ஞாயிற்றுக்கிழமை யார் கை காட்டினாலும் உன்னை நடுவில் நிறுத்த மாட்டேன். இது சத்தியம். ஐயரிடமும் சொல்லியாயிற்று.

அட்சதைக்குப் பத்து கிலோ அரிசி வாங்கியிருக்கிறோம்.

உன் தங்கையைக் கட்டியவன்,
ராமு