சாயப் பிழை என்று ஒதுக்கிய ஸ்லைடு

1984 மார்ச் 12, காலை பத்து இருபது. எண்ணிக்கை: நூறு செல்லில் நாற்பத்தொன்று சிவப்பு.

அத்தனையும் உன் மூக்கிலிருந்து எடுத்தவை. நீ செத்து நாலு மாதம் ஆகிறது. பழைய ஸ்லைடுகளைக் கழுவலாம் என்று லேபில் பெட்டியைத் திறந்தேன். மைக்ராஸ்கோப்பில் பார்க்க ஸ்லைடு மேல் விடுகிற சீடர் மர எண்ணெய் வாசனை குப்பென்று வந்தது. கடைசி வரிசையில் நீ. ஓரத்தில் என் கையெழுத்தில் ‘சாயப் பிழை’ என்று ஒரு சீட்டு. கழுவாமல் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

போன வருஷம் ஆடித் தபசு கழிந்த வாரம், நினைவிருக்கிறதா? இளைப்பு, அதாவது ஆஸ்துமா, நோயாளிகளின் மூச்சுக்குழல் உள்ளே எப்படி அழற்சி கண்டு புண்படுகிறது என்று பார்க்க எங்கள் டாக்டருக்கு ஆசை. உயிரோடு இருக்கிறவன் நெஞ்சுக்குள் போய் யார் சுரண்டுவது? மூக்கின் உள்தோலும் மூச்சுக்குழலின் உள்தோலும் ஏறத்தாழ ஒரே வகை, மூக்கைப் பார்த்து நெஞ்சை ஊகிக்கலாம் என்றார். எனக்கு அது பிடித்துப்போனது. வாசலில் நின்றபடியே வீட்டுக்குள் என்ன சண்டை என்று கேட்கிற மாதிரி.

பத்து நோயாளிகள் கிடைத்தார்கள். ஒப்பிடப் பத்து நல்ல மூக்கு வேண்டும். ஒன்பதுதான் சேர்ந்தது. பொறுமையில்லாமல் உன் தறிக்கூடத்துக்கு வந்தேன். நாலு தறியும் ஓடுகிற இரைச்சலில் கத்தித்தான் கேட்டேன்.

“உனக்கு ஏதும் சீக்கு உண்டாலே?”

“எனக்கென்னலே, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்” என்று சொல்லிவிட்டு மூன்று தும்மல் போட்டாய்.

“இது என்னது?”

“தறிக்காரன் தும்மலைன்னா தறி ஓடலைன்னு அர்த்தம்லே. இதெல்லாம் சீக்குல சேத்தியா?”

நானும் சிரித்தேன். தறி வீட்டில் பிறந்தவன்தானே. நோட்டில் உன் பெயருக்கு எதிரே ‘நார்மல்’ என்று எழுதிவிட்டுத்தான் பஞ்சுக் குச்சியை எடுத்தேன். முதலில் முடிவு, பிறகு சோதனை.

“ஏலே, மூளையத் தொட்டுறாத. அங்கன ஒண்ணும் இல்லைன்னு ஊருக்குத் தெரிஞ்சிரும்” என்றாய், கண்ணில் நீர் வழிய.

சாயந்திரம் பார்த்தால் ஸ்லைடு நெடுகச் சிவப்பு. இயோசினோஃபில் என்கிற அந்தச் செல் நல்ல மூக்கில் அபூர்வம். ஒவ்வாமைக்காரர் மூக்கில்தான் கூட்டம் போடும். நீதான் நார்மல் ஆயிற்றே! செல் தெரிவதற்காக ஸ்லைடில் ஊற்றுகிற சாயத்தை அதிக நேரம் விட்டுவிட்டேன் என்று முடிவு கட்டினேன். மறுநாள் ஒரு வாத்தியாரைப் பிடித்துப் பத்தாவது இடத்தை நிரப்பினேன். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஐப்பசி மழையில் உனக்கு மூச்சு முட்டியது. திருநெல்வேலிக்குக் காரில் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. திடீரென்று வந்தது என்றார்கள். நானும் நம்பினேன்.

இன்றுதான் உறைக்கிறது: சாயம் கூடிப்போனால் எல்லாச் செல்லும் சிவந்திருக்க வேண்டும். பக்கத்துச் செல்களெல்லாம் நீலமாகத் தெளிவாக நிற்கின்றன. பிழை சாயத்தில் இல்லை.

இன்று மதியம் உன் வீட்டுக்குப் போனேன். மழைக்காலத்தில் நீ எப்படி இருப்பாய் என்று உன் மனைவியிடம் கேட்டேன்.

“படி ஏறுனா பாதியில நிப்பாவ. இளைப்பான்னு கேட்டா, ‘பஞ்சுத் தூசிடி’ம்பாவ. நீங்க ஒரு நாளும் கேக்கலியே அண்ணாச்சி?”

கேட்டேன். சீக்கு உண்டா என்று கேட்டேன். எப்போது தும்முகிறாய், படியில் நிற்கிறாயா என்று கேட்கவில்லை.

ஸ்லைடில் கண்டதை அன்றே டாக்டரிடம் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாயா? தெரியாது. டாக்டர் மருந்து தொடங்கியிருப்பார், அது தெரியும். இன்னொன்றும் குடைகிறது. அந்தச் சிவப்பு உன் உடம்பின் வாகா, தறித் தூசியின் வேலையா? அதே தூசியில் இருபது வருஷமாக நிற்கிற அடுத்த தறிக்காரர் மூச்சு முட்டாமல் இருக்கிறாரே, அவர் மூக்குக்குள் என்ன இருக்கிறது?

உன் தறியில் இப்போது உன் தம்பி நிற்கிறான். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே தும்முகிறான். லேபுக்கு வாடா என்றேன். “எனக்கென்ன அண்ணாச்சி, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்” என்றான். உன் குரல்தான் அவனுக்கும்.

உன் ஸ்லைடு என் சட்டைப் பையில் இருக்கிறது. இனிச் செய்ய வேண்டியவை:

1. நோட்டில் ‘நார்மல்’ என்பதை அடித்துவிட்டு நாற்பத்தொன்று என்று எழுதுவது.

2. ஒதுக்கியது நான்தான் என்று டாக்டரிடம் சொல்வது. திட்டுவார். திட்டட்டும்.

3. அடுத்த தறிக்காரர் மூக்கு. அப்புறம் என் மூக்கு. காலையில் நானும்தான் தும்முகிறேன்.

4. இதற்கெல்லாம் முன்னால், நாளை எட்டு மணிக்கு உன் தம்பி. குச்சியோடு நானே போகிறேன். இந்தத் தடவை தறியை நிறுத்திவிட்டுத்தான் கேட்பேன்.