கரண்டு போனபோது கேட்ட ஜெபம்

வியாழன், இரவு.

குமாரபாளையத்தில் தறி ஓட்ட வந்ததிலிருந்து என் ஜெபமெல்லாம் தறியடியில்தான். பட்டறைச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவள் கத்தினாலும் காதில் விழாது. அதனால் ஆண்டவரோடு வாய்விட்டே பேசுவேன். கதவைச் சாத்திய அறை மாதிரி அது எனக்கு. சபையில் யாராவது விசாரித்தால், "ஸ்தோத்திரம், நல்லாயிருக்கேனுங்க" என்பதோடு சரி.

இன்று மத்தியானம் திடீரென்று கரண்டு போய்விட்டது. தறிகள் எல்லாம் ஒன்றாக நின்றன. என் வாய் மட்டும் நிற்கவில்லை.

"அவரு போனதுக்கப்புறம் எம்பேரச் சொல்லிக் கூப்புட ஒருத்தருமில்லீங்களே, ஆண்டவரே!"

பட்டறை முழுக்கக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. பக்கத்துத் தறி பழனியம்மா இத்தனை வருஷமாக என்னை வேதக்காரக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள் கிட்டே வந்து மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க்கா, உங்க பேரு என்னங்க?"

எனக்கு வந்ததே கோபம்! ஆண்டவரிடம் சொன்னதை இவள் எதற்குக் காதில் வாங்கிக்கொண்டு வருகிறாள்? அறுந்த இழையைத் தேடுகிறவள்போலக் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். கரண்டு வந்ததும் போய்விட்டாள்.

இப்போது வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. முழங்காலில் நின்றால் வார்த்தையே வரமாட்டேன் என்கிறது. நான் கேட்டதை நீர் கொடுத்தீர். வாங்காமல் திருப்பி அனுப்பியவள் நான்தான்.

நாளைக்கு அவளை இன்னொரு தடவை கேட்க வையும், ஆண்டவரே. எஸ்தர் என்று சொல்லிவிடுகிறேன்.