மாதிரி வாடிக்கையாளர்

மார்ச் 4, செவ்வாய்

மருந்துக்கடைச் செயலியில் என் பாதி முடிந்துவிட்டது. சர்வர் பாதியை எழுதுபவர் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறார். எப்போது கேட்டாலும் "நாளைக்கு" என்பதால் அலுவலகத்தில் அவர் பெயரே 'நாளைக்கு' ஆகிவிட்டது. என் செயலி கேட்டால் அவருடைய சர்வர் பதில் அனுப்ப வேண்டும். பெயர், முகவரி, மருந்து, குறிப்பு என்று வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் விவரம். பதிலே வராமல் திரையை எப்படிச் சோதிப்பது? நானே ஒரு பொய் வாடிக்கையாளரை உருவாக்கிச் செயலிக்குள் உட்கார வைத்தேன். சர்வர் வாய் திறக்காவிட்டால் இந்த ஆள் திரையில் வருவார்.

வரைபடத்தில் புள்ளி விழ நிஜ முகவரி வேண்டும். அடுத்த தெருவில் இருக்கும் மாமியார் வீட்டு முகவரியைப் போட்டேன். போட்ட கை சும்மா இருக்கவில்லை. பெயர்: நச்சரிப்பு நாயகி. குறிப்பு நீளமாக இருந்தால் திரையில் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது, அதனால் நீளமாகவே எழுதினேன். காலையில் அத்தை வந்து என் ஃபிரிட்ஜை ஒழித்து அடுக்கிவிட்டுப் போன எரிச்சல் வேறு. எழுதி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. பக்கத்து மேசைக்காரியிடம் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

மார்ச் 11

சர்வர் பாதி வந்துவிட்டது. இரண்டும் ஒழுங்காகப் பேசிக்கொள்கின்றன. நாயகியை வெளியே எடுக்க வேண்டும். நாளைக்கு — எனக்கும் தொற்றிவிட்டது.

மார்ச் 17, திங்கள்

எடுக்கவில்லை. மறந்தே போனேன்.

செயலி இன்றுதான் மருந்து கொண்டுபோகும் ஆட்கள் கைக்குப் போனது. மதியம் சர்வர் திணறி நின்றது. நின்றால் செயலி என்ன செய்யும்? நான் சொல்லிக்கொடுத்ததைத்தானே செய்யும். அத்தனை பேர் கைபேசியிலும் ஒரே வாடிக்கையாளர். யார் யாருக்கோ சேர வேண்டிய மருந்துப் பைகளோடு ஒருவர் பின் ஒருவராக அத்தை வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார்கள். "எனக்கு இல்லப்பா" என்று அத்தை சொல்லிப் பார்த்திருக்கிறார். ஒருவர் கைபேசியையே நீட்டிவிட்டார். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்திருக்கிறார்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது அத்தையேதான், போனில். "உங்க ஆபீஸ்ல யாரோ என்னைப் பத்திக் கன்னாபின்னான்னு எழுதி வெச்சிருக்காங்கம்மா. யாருன்னு பாரு."

"பார்க்கறேன் அத்தை" என்றேன்.

பார்க்கறேனாம். த்தூ.

மார்ச் 18

மேனேஜர் என்னையும் 'நாளைக்கு'வையும் கூப்பிட்டார். மருந்துகள் மாலைக்குள் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டன, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "மாதிரிப் பதிவை உள்ளயே விட்டு அனுப்பறது கத்துக்குட்டி பண்ற வேலை" என்றார். குறிப்பை மனதுக்குள் படித்துவிட்டு, "யாரு இது?" என்று கேட்டார். "சும்மா, கற்பனை" என்றேன். 'நாளைக்கு' ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், சிரிப்பை அடக்க.

வாங்கிய திட்டு உறைக்கவே இல்லை. 'கற்பனை' என்று சொன்ன வாய்தான் கசக்கிறது.

மார்ச் 19

சாப்பிடும்போது வீட்டுக்காரர் சொன்னார்: "அம்மா ரொம்ப உடைஞ்சு போயிருக்காங்க. எவன் எழுதினானோ."

எவன். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமா இல்ல உனக்கு? இருக்கு. இருந்து என்ன? வாய் திறக்கலையே.

மார்ச் 20

அத்தை மூன்று நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. ஃபிரிட்ஜ் நான் வைத்தபடி குப்பையாகவே இருக்கிறது.

மார்ச் 22, சனி

போனேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே சொல்லிவிட்டேன். "அத்தை, அதை எழுதினது நான்தான்."

"தெரியும். பால் கவரைக் கழுவிக் காயப்போடறது வீட்டுக்குள்ள வந்துபோறவங்களுக்குத்தானே தெரியும்? அன்னிக்கு போன் பண்ணும்போதே தெரியும். நீயா சொல்றியான்னு பார்த்தேன்."

அஞ்சு நாள் காத்திருந்திருக்கிறார். நான் அஞ்சு நாளும் நல்ல பிள்ளையாக நடித்திருக்கிறேன்.

"அந்த ஆள் சங்கடப்பட்டுப் போனைப் பிடுங்கிட்டாரு. முழுசாப் படிக்கலை. நீ படி" என்றார்.

"வேண்டாம் அத்தை."

"எழுதத் தெரிஞ்சதுல்ல? படி."

என் கைபேசியில் பழைய பிரதி இருந்தது. அழித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. படித்தேன். பால் கவரைக் கழுவிக் காயப்போடும். கேட்காமலே அடுத்தவர் சமையலறையை அடுக்கும். சாப்பிட்டாயா என்று கேட்டுக் கேட்டே சாப்பாட்டை வெறுக்க வைக்கும். பேச்சுக் கொடுத்தால் பையைப் போட்டுவிட்டு ஓடவும். மகன் வீட்டை விட்டால் போக்கிடம் கிடையாது.

ஆபீஸில் ஒரு மேசையே சிரித்த வரிகள். அவர் முகத்துக்கு எதிரே ஒன்றுகூடச் சிரிப்பாக இல்லை. கடைசி வரியை முணுமுணுத்தேன். அவருக்குக் கேட்டுவிட்டது.

"மத்ததெல்லாம் உன் எரிச்சல். கடைசி வரி உண்மைதான்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மன்னிப்புக் கேட்டேன். "சரி, விடு" என்றார்.

மார்ச் 23

வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டே இருந்தார். என் துணியையும்தான் மடித்தார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வாசல் மணி அடித்தது. அத்தை. அவரிடம் எங்கள் வீட்டுச் சாவி இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து தானே திறந்துகொண்டு நேராக அடுப்படிக்குப் போய்த்தான் பழக்கம்.

"உள்ள வரலாமாம்மா?" என்றார், வாசற்படிக்கு வெளியே நின்று.

ஒருநாளாவது இப்படிக் கேட்டுவிட்டு வரமாட்டாரா என்று நான் எத்தனை முறை பொருமியிருக்கிறேன்! "என்ன அத்தை இது, வாங்க" என்றேன். வந்தார். காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். காபி குடித்தார். டம்ளரைக் கழுவ எழுந்தவர் பாதி வழியில் நின்று, "இங்க வைக்கட்டுமா?" என்று கேட்டு மேசைமேலேயே வைத்துவிட்டுப் போனார்.